இளஞ்சிவப்புக்கு ஒரு சுவர்

வீட்டின் முன்சுவருக்கு ரோஸ் நிறம் அடிக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டபோது, அவர் வீட்டில் கிடைத்த பதில்: "பெண்பிள்ளை அறைக்கு வேண்டுமானால் அடித்துக்கொள்ளுங்கள்." கடைசியில் சந்தன நிறம் பூசினார்கள். அந்தத் தெருவில் அது ஆறாவது சந்தன நிற வீடு.

இளஞ்சிவப்பு பெண்களின் நிறம் என்பது தொன்றுதொட்ட வழக்கமும் அன்று. 1918இல் வெளியான அமெரிக்க வணிக இதழ் ஒன்று அதை ஆண்குழந்தைக்கு உரியதாகவும், நீலத்தைப் பெண்குழந்தைக்கு உரியதாகவும் எழுதியது. இதைச் சொன்னால் நம்மவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மெக்சிகோவின் கட்டடக் கலைஞர் லூயிஸ் பர்ரகான் (1902-1988) இந்த நிறத்துக்குக் கூச்சப்பட்டவரல்லர். மெக்சிகோ நகரில் 1976இல் அவர் முடித்த ஹிலார்தி வீட்டின் தெருமுகம் முழுவதும் அடர்ந்த இளஞ்சிவப்பு. மனையில் முன்பே நின்ற ஜகரண்டா மரத்தை வெட்டாமல், அதைச் சுற்றியே வீட்டை அமைத்தார். வசந்தத்தில் அந்த மரம் ஊதாப்பூக்களை முற்றத்தில் உதிர்க்கிறது. சுவரும் மரமும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை. தோட்டம் வேறு, வீடு வேறு என்று பிரித்து யோசிக்கும் நமக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை.

நாம் செய்யும் பிழை வேறு. மேகம் மூடிய ஐரோப்பிய வானத்தின் கீழ் அழகாய்த் தெரியும் வெளிர் நிறத்தைப் படத்தில் பார்த்து, அப்படியே இங்கே பூசுகிறோம். நம் உச்சிவெயில் அதை விழுங்கிவிட்டு, அழுக்கு வெள்ளையைத்தான் மிச்சம் வைக்கும். இங்கே அடர்நிறமே எடுபடும். நான்கு வழிச்சாலைகளின் நடுவே நிற்கும் அரளியைப் பாருங்கள்: புழுதியிலும் வெயிலிலும் அதன் நிறம் சற்றும் அடங்குவதில்லை. (வீட்டில் வைப்பதானால் குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள், செடி முழுவதும் நஞ்சு.)

எனக்குக் காகிதப்பூவே போதும். அதில் நாம் இதழென்று மயங்குவது நிறமேறிய இலைகளைத்தான். உண்மைப்பூ நடுவில் சிறு வெண்குழலாய் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் நிறம் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது. அதிகம் நீர் ஊற்றினால் இலைதான் தழைக்கும். பத்துத் தொட்டிகளில் பத்து நிறம் வைப்பதைவிட, ஒரே செடியை வெள்ளைச் சுவரில் படரவிடுவது மேல்.

நண்பர் வீட்டு மதிலின் உட்புறம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. அதற்கு வீட்டாரின் அனுமதி தேவையிராது என்று சொல்லியிருக்கிறேன்.