காற்று எமது, பயன் எவரது?

நண்பரொருவரின் ஹொண்டா சீ.ஆர்.-இஸட் காரை மன்னாரில் மூன்று நாட்கள் ஓட்டிப் பார்த்தோம். 2010இல் யப்பானில் விற்பனைக்கு வந்த கலப்பின விளையாட்டுக் கார் அது. ஒன்றரை லீற்றர் பெற்றோல் இயந்திரத்துக்கு மின்மோட்டாரொன்று தோள்கொடுக்கிறது. பிறேக்கை மிதிக்கும்போது வீணாகும் விசையை மின்சாரமாக்கிப் பற்றரியிற் சேமித்து, வண்டி மீண்டும் விரையும்போது அதற்கே திருப்பித் தருகிறது.

மன்னார்ப் பாலத்தைக் கடந்து தலைமன்னார்ச் சாலையில் அம்பெனப் பாய்ந்தது. கட்டுக்கரைக்குளத்து வயலோர மண்பாதையைக் கண்டதும் நாமே திருப்பிக்கொண்டோம். அது உழவனின் வண்டியன்று.

ஆயினும், அவ்வண்டி ஒரு நீதியைக் கற்பித்தது. தீவின் தென்கரையிலே, 2020 டிசம்பரில் தொடக்கிவைக்கப்பட்ட தம்பபவனியின் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. ஏறத்தாழ 100 மெகாவாற் வலுக்கொண்ட அந்நிலையத்தின் மின்சாரம் நாடெங்கும் செல்கிறது. செல்லட்டும், நாம் மறுக்கவில்லை. ஆனால், 2022இல் இம்மண்ணின் விவசாயி டீசல் கலனுடன் வரிசையில் நின்றதை மறக்கலாமா?

விசை பிறந்த இடத்துக்கே பங்கு திரும்பவேண்டுமென்பதை இயந்திரம் அறியும், அரசு அறியாதா? காற்றாலை வருவாயில் ஒரு பங்கு மன்னார் உழவர்க்கும் மீனவர்க்கும் சட்டத்தால் ஒதுக்கப்படல் வேண்டும். புதிய காற்றாலை எழுமுன் மக்களின் சம்மதம் பெறப்படல் வேண்டும். எழுத்தில் வராத வாக்குறுதியை வழக்கில் நிறுவுதல் கடினம். மன்னார் மக்களே, எழுத்திற் கேளுங்கள்!