துறைமுகத்தின் ஆழம் மட்டும் போதுமா?

திருகோணமலையின் இயற்கைத் துறைமுகத்தைப் புகழாத அரசியல் மேடை இந்நாட்டில் இல்லை. ஆழமான நீரும் அதைச் சூழ்ந்து காவல் நிற்கும் குன்றுகளும் நமக்கு வாய்த்த பெருஞ்செல்வம் என்பதை மறுப்பார் யார்? ஆனால், கப்பல் வந்தால் அதன் பின்னே மோட்டார்த் தொழிற்சாலையும் வந்துவிடும், இளைஞர் அனைவருக்கும் வேலை கிடைத்துவிடும் என்று அதே மேடையில் கூறப்படுவதை நாம் நம்புவதற்கில்லை. அத்தகைய தொழிற்சாலைக்குள் நடப்பது யாது என்று இவ்வாறு பேசுவோர் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தனரா?

பெரிய தொழிற்சாலையொன்றில் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு கார் பொருத்தப்பட்டு வெளியேறுகிறது. ஒவ்வொன்றிலும் பல்லாயிரம் பாகங்கள். ஒரே வரிசையில் வெள்ளைக் காருக்குப் பின் சிவப்புக் கார் வரும். நமது நாட்டுக்கென வலப்புறத்தில் சுக்கான் வைத்ததன் பின்னே, ஐரோப்பாவுக்கென இடப்புறத்தில் வைத்தது வரும். வர்ணக் கூடத்தை விட்டுக் காரின் உடல் வெளிவந்ததும், இருக்கை செய்யும் ஆலைக்கு அறிவித்தல் செல்கிறது. கார்கள் எந்த ஒழுங்கில் வருகின்றனவோ அதே ஒழுங்கில் இருக்கைகளும் வந்து சேரவேண்டும். ஆகவே, கடைசியில் வேண்டிய இருக்கையை லொறியில் முதலில் ஏற்றுகின்றனர். முதலில் வேண்டியது கதவருகே நிற்கும்.

சிறு பாகங்களுக்கு வேறு முறை. இழுவை வண்டியொன்று பெட்டிகளைப் பூட்டிக்கொண்டு, குறித்த நேரத்தில் குறித்த வழியே தொழிற்சாலைக்குள் சுற்றி வருகிறது. நிறைந்த பெட்டியை இறக்கி, வெறும் பெட்டியை ஏற்றிச் செல்கிறது. அதனோடு திரும்பும் அட்டையே அடுத்த கட்டளை. யப்பானில் டொயோட்டா நிறுவனத்தின் தைச்சி ஓனோ 1950களில் வளர்த்தெடுத்த முறை இது. இத்தகைய சுற்றுக்கு மேல்நாட்டார் பால் வண்டியின் பெயரையே இட்டிருக்கின்றனர். நமது பாற்காரர் அறியாத வித்தை இதில் அதிகமில்லை!

கமக்காரருக்கும் இது புதிதன்று. கந்தளாய்க் குளத்து நீர் எந்நாளில் திறக்கப்படும், எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள், எந்நாளில் மதகு அடைக்கப்படும் என்பவற்றைப் போகம் தொடங்குமுன் கூட்டங்கூடித் தீர்மானிக்கிறோம். தம்பலகாமத்துக் கடைவயலுக்கு நீர் பிந்தினால், குளம் நிறைந்திருந்தும் பயிர் கருகும். 1990களில் மூடப்பட்ட கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையை அறிந்த முதியோருக்கு இன்னொன்றும் தெரியும்: வெட்டிய கரும்பு ஓரிரு நாளுக்குள் பிழியப்படாவிடின் அதன் இனிப்புக் குறையும். எந்தத் தோட்டத்தை என்று வெட்டுவது என்பதை ஆலையின் வேகமே கட்டளையிட வேண்டும்.

இன்று நமது குடாக்கரையில் நிற்கும் பெருந்தொழில்கள் எவை? 1980 முதல் இயங்கும் பிரிமா மாவு ஆலை. கப்பலில் வரும் கிளிங்கரை அரைக்கும் டோக்கியோ சீமெந்து ஆலை. பிரித்தானியர் விட்டுச்சென்ற எண்ணெய்த் தாங்கிகள். மூன்றும் ஓரினம். மொத்தமாக வந்திறங்குவதைக் குவித்துவைத்துச் சிறிது சிறிதாக எடுப்பவை. கோதுமைக் கப்பல் சில நாள் பிந்தினாலும் களஞ்சியம் கைகொடுக்கும். இவற்றுக்கு ஆழமான நீர் பெருந்துணை. கார் வரிசைக்கோ அது போதாது.

பாகங்களையும் குவித்து வைக்கலாமே என்பர். நூறு வகைக் கார்களுக்கு நூறு வகை இருக்கைகளைக் குவித்தால் இடமும் முதலும் முடங்கும், வட்டி ஏறும், அப்போதும் வேண்டிய ஒன்று இல்லாதிருக்கும். குவிக்காமல் நேரத்தை மட்டுமே நம்புவதிலும் ஆபத்து உண்டு. 1997 பெப்ரவரி 1ஆந் திகதி யப்பானின் கரியா நகரில் அய்சின் நிறுவனத்தின் ஆலையொன்று எரிந்தது. அங்கே செய்யப்பட்ட சிறு தடுப்பு அடைப்பான் ஒன்று இல்லாமையால், டொயோட்டாவின் பெரும்பாலான வரிசைகள் சில நாட்கள் நின்றன. ஆனால் அயலிலிருந்த பல சிறு ஆலைகள் ஒன்றுசேர்ந்து அந்தப் பாகத்தைச் செய்து கொடுத்தமையால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவை மீண்டன. அத்தகைய அயல் நமக்கு உண்டா? சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹியூண்டாய் கார் செய்யத் தொடங்கியபோது, பாகம் செய்வோரும் அப்பகுதியைச் சூழ்ந்து வந்தனர். இங்கே ஓர் ஆணிக்கும் கொழும்புக்கு ஆள் அனுப்பும் நிலை!

ஆகவே, முழுக் காரைக் கனவு காணுமுன் பாகம் செய்யப் பழகுவதே விவேகம் என்பது நமது கருத்து. விபத்தின்போது காற்றுப்பையை விரியச் செய்யும் உணரிகள் மேல் மாகாணத்தில் செய்யப்பட்டு, வெளிநாட்டுக் கார்களில் பொருத்தப்படுகின்றன. கையால் தூக்கக்கூடிய சிறு பொருள்; கைத்திறன் மிகுந்தது; பெண்களுக்கும் வேலை தருவது. இதைக் கப்பல்துறையில் செய்ய முடியாதென்று யார் கூறுவார்? ஆனால் அதற்கும் நேரந் தவறாத போக்குவரத்து வேண்டும். கல்லோயாச் சந்தியிலிருந்து வரும் நமது புகையிரதப் பாதை 1927இல் திறக்கப்பட்டது. பாதை இருந்தால் போதுமா? ஒரு தொழிலதிபர் தமது பாகங்களை நம்பி ஒப்படைக்கத்தக்க நேர அட்டவணை வேண்டாமா?

இனித் தேர்தல் மேடையில் தொழிற்சாலையை வாக்களிப்போரிடம் கேட்கவேண்டியவை சில உண்டு. சரக்கு வண்டி சீனன்குடாவை எத்தனை மணிக்கு விடும்? பெட்டகக் கப்பல் இங்கே எந்தக் கிழமைகளில் வரும்? இறங்கிய பெட்டகம் சுங்கத்தை விட்டு வெளியேற எத்தனை மணித்தியாலம்? அந்த நேரம் தவறினால் பொறுப்பேற்கும் அதிகாரி யார்?