பல்லிக்கும் வேண்டும் சரியான பெயர்

அயல்நாட்டுப் பல்லிகளை வீட்டில் வளர்க்கும் ஆர்வம் பல நாடுகளில் பரவியுள்ளது. இவ்வணிகத்தில் விற்பவர் சொல்லும் பெயரை நம்பியே பெரும்பாலோர் வாங்குகின்றனர். அந்தப் பெயர் எந்த அளவுக்கு நம்பத்தக்கது?

'சீனக் குகைப் பல்லி'யை எடுத்துக்கொள்வோம். தென்சீனாவிலும் வடக்கு வியத்நாமிலும் வாழும் 'கோனியூரோசாரஸ்' பேரினத்தில் பல இனங்கள் உள்ளன. அவற்றுள் ஹைனான் தீவைச் சேர்ந்த, பரவலாக வளர்க்கப்படும் இனத்துக்குரிய பெயர் அது. ஆனால், அரிய உறவினங்களும் சந்தையில் அதே பெயரைச் சூடிக்கொள்கின்றன. சிலவற்றைச் 'சீனச் சிறுத்தைப் பல்லி' என்பாரும் உண்டு. நாமறிந்த சிறுத்தைப் பல்லியோ வேறொரு பேரினம்.

கண்ணின் நிறம், முதுகுப் பட்டைகளின் எண்ணிக்கை, ஆணின் கழிவாய்க்கு முன்புள்ள துளைகளின் எண்ணிக்கை, பிடிபட்ட இடம் ஆகியவற்றை ஒருங்கே நோக்கியே இனத்தைப் பிரித்தறிய வேண்டும். குஞ்சுப் பருவத்தின் நிறம் வளரும்போது மாறிவிடுவதால், ஒரு புகைப்படத்தை மட்டும் நம்ப முடியாது.

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில் தரமற்ற பொருள் தரமானதை வெளியேற்றிவிடும் என்று பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் விளக்கினார். பல்லிச் சந்தையிலும் அதுவே நிகழக்கூடும். தலைமுறைக் குறிப்புகளுடன் நேர்மையாக இனப்பெருக்கம் செய்பவருக்குச் செலவு அதிகம்; காட்டில் பிடித்ததைப் பொதுப்பெயரில் விற்பவருக்குச் செலவு குறைவு. ஒரு வேறுபாடு உண்டு: இங்கு இறுதி இழப்பு வாங்குபவருக்கு அல்ல, காட்டிலுள்ள உயிரினத்துக்கு.

மறுபுறமும் உண்டு. 'கோனியூரோசாரஸ் லூயி' 1999-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. ஒன்றின் விலை 1,500 முதல் 2,000 டாலர் வரை உயர்ந்தது. முதலில் விவரிக்கப்பட்ட இடத்திலேயே வணிக வேட்டையால் அது அற்றுப்போனதாக 2006-இல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வாளர்கள் எழுதினர். பின்னர் இப்பேரினத்தின் புதிய இனங்களை விவரித்தோர் வாழிடத்தை வெளியிடாமல் காத்தனர். இடத்தை மறைப்பது பாதுகாப்பு. விற்பனையில் இனத்தை மறைப்பது முறைகேட்டுக்குத் திறந்த வாயில்.

சீன, வியத்நாம் குகைப் பல்லிகள் 2019-இல் 'சைட்டிஸ்' உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. உரிய அனுமதியின்றி அவற்றை ஏற்றுமதி செய்ய இயலாது. அப்பட்டியல் அறிவியல் பெயரையே அறியும், செல்லப்பெயரை அறியாது.

இது நமக்கும் தொடர்புடையதே. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையிலுள்ள உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் 'பரிவேஷ்' தளத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்கின்றன 2024-ஆம் ஆண்டு விதிகள். கையிலிருப்பது எந்த இனம் என்றே தெரியாதவர் எதைப் பதிவுசெய்வார்?

விற்பனைச் சீட்டில் அறிவியல் பெயரும், வளர்ப்பில் பிறந்ததா, காட்டில் பிடிக்கப்பட்டதா என்ற விவரமும் கட்டாயமாக்கப்பட வேண்டும். சுங்க, வனத்துறை அலுவலர்களுக்கு இனம் அறியும் பயிற்சி தேவை. அதுவரை, பெயர் தெளிவில்லாத உயிரை வாங்காமல் இருப்பதே அதன்மீது நாம் காட்டும் முதல் அன்பாகும்.