அடிவாரத்தில் ஒரு பலகை



வெள்ளியங்கிரி மலைக்குத் தனியாளாகப் போவதே தப்பு என்கிறார்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. சீசனில் ராத்திரி அடிவாரத்துப் பூண்டியிலிருந்து மூங்கில் தடியோடு கிளம்பினால் முன்னும் பின்னும் யாராவது ஏறிக்கொண்டுதான் இருப்பார்கள். பயப்பட வேண்டியது சித்திரை மாதக் கோடை மழைக்கு. காலையில் பளிச்சென்றிருக்கும் வானம் மதியத்துக்குள் கறுத்துவிடும். வழியில் வழுக்குப்பாறை என்ற இடத்தில் செதுக்கிய படிகள் நனைந்தால் தடியின் முனைகூட நிற்காது, நழுவும். மேலே புல்வெளியில் மழைக்கு ஒதுங்க மரமும் கிடையாது. இடி இறங்கினால் அங்கே உயரமாக நிற்பது நாம்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் ஆறு டிகிரி குறையும். அந்தக் குளிரில் ஈரச் சட்டையோடு காற்றில் நின்றால் உடம்பு வெடவெடத்துவிடும்.

அடிவாரத்தில் வனத்துறையினர் பையைத் திறந்து பிளாஸ்டிக்கைப் பிடுங்குகிறார்கள், நல்லது. அதே இடத்தில் அன்றைய மழை, மின்னல் நிலவரத்தை ஒரு பலகையில் எழுதி வைக்கலாமே? மின்னலுக்கென்றே ‘தாமினி’ செயலி இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க மேலே சிக்னல் கிடைத்தால்தானே! கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே ஒதுங்கிய இடத்தைவிட்டு நகர வேண்டும் என்பதையும் அந்தப் பலகையில் எழுதலாம். தனியே ஏறுபவரின் கைபேசி எண்ணையும் இறங்கும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால், வராதவரைத் தேட இருட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.

– ஒரு வாசகர், பேரூர், கோவை