மாயாவியின் கையும் மாணவனின் கையும்

சித்திரக்கதை என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிக்கும் பெரியோர் இன்றும் நம்மிடையே உண்டு. அச்சித்திரக்கதையின் உருவங்களைத் தாமே மீண்டும் வரைந்து, அவற்றை அசையவிட்டுக் கார்ட்டூன் படமாக்கும் ரசிகர்களைப் பற்றிச் சொன்னாலோ, "வேலையற்ற வேலை, அதிலும் பிறர் சரக்கு" என்று ஒரே வரியில் தீர்ப்பு வந்துவிடும். அது அவசரத் தீர்ப்பு என்பது என் கருத்து.

அமெரிக்காவில் ராப் பிராட் என்றோர் ஓவியர். டிஸ்னி நிறுவனத்தின் படங்களுக்கு வரைந்தவர். 2011இல் சூப்பர்மேனை வைத்துச் சின்னஞ்சிறு படம் ஒன்றைத் தம் சொந்த ஆசைக்காகக் கையாலேயே வரைந்து வெளியிட்டார். பின்னர் பிளாஷ் கார்டனையும் அவ்வாறே வரைந்தார். பிளாஷ் கார்டன், 1934இல் அலெக்ஸ் ரேமண்ட் நாளிதழ்களின் ஞாயிறு பக்கங்களுக்காக வரையத் தொடங்கிய விண்வெளிக் கதை. பிழைப்புக்கு வேண்டிய அளவு வரைந்துவிட்ட ஒருவர், யாரும் கேட்காமலேயே, தாத்தா காலத்துக் கதையொன்றை மறுபடி வரைய உட்காருகிறார் என்றால், அதை வேலையற்ற வேலை என்று எப்படிச் சொல்வது?

நம்மூர் மாணவன் ஒருவன் இம்முயற்சியில் இறங்கினால் எந்தக் கதையை எடுப்பான்? தயக்கமே வேண்டாம், இரும்புக்கை மாயாவிதான். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர் அவர். நம் தந்தையர் தலைமுறையில் லஸ் முனையின் பழைய புத்தகக் கடைகளில் குனிந்து தேடியவர்களைக் கேட்டுப் பாருங்கள், இன்றும் கண்கள் விரியும்! மூலக்கதை ஆங்கிலேயருடையது. 1962இல் 'வேலியண்ட்' என்ற வார இதழில் தொடங்கிற்று. சோதனைச்சாலையில் ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல் என்பவன் மீது மின்சாரம் பாய, உடல் மறைந்து கை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. அவன் முதலில் நல்லவனும் அல்லன்; தீயவனாகத் தொடங்கிப் பிறகுதான் உளவுத்துறைக்கு உழைக்கும் நாயகனாகிறான். மறைய வேண்டிய போதெல்லாம் மின்சாரத்தைத் தொடுகிறான். (இதை மட்டும் ரசிகர்கள் பின்பற்ற வேண்டாம்!)

இனி வரைவோனின் பாட்டைப் பார்ப்போம். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரே ஓவியத்தை இரண்டு படங்களுக்கு வைத்துக்கொள்வது கார்ட்டூன்காரர்களின் வழக்கம். அப்படியும் விநாடிக்கு 12 ஓவியங்கள், நிமிடத்துக்கு 720. மாயாவி கதையில் கையை மட்டும் வரைந்தால் போதுமே, எளிதாயிற்றே என்று தோன்றும். அங்கேதான் வித்தை இருக்கிறது. ஆள் தெரியாவிட்டாலும் ஆள் இருக்கிறான். அவன் மாடிப்படி ஏறும்போது கை எவ்வளவு உயர வேண்டும், களைத்திருந்தால் எங்கே தொங்க வேண்டும், கோபத்தில் மேசையைக் குத்துமுன் எவ்வளவு பின்வாங்க வேண்டும் என்பவற்றையெல்லாம் தோளும் முழங்கையும் அல்லவா முடிவு செய்கின்றன? ஆகவே தெரியாத உடலை முதலில் பென்சிலால் முழுதும் வரைந்துகொள்ள வேண்டும். அந்த உடல் சரியாக நடந்த பிறகு அதை அழித்துவிட்டுக் கையை மட்டும் விட வேண்டும். உடலை வரையாமல் கையை மட்டும் நகர்த்தினால், கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட இடுக்கி போலிருக்கும், மாயாவி இருக்கமாட்டார்.

ஒரு கையால் ஒரு மனிதனையே உணர்த்துவது நமக்குப் புதிதன்று. 1936இல் அடையாற்றில் தோன்றிய கலாக்ஷேத்ராவின் மாணவியர் ஹஸ்த முத்திரைகளை எத்தனை மாதங்கள் பயில்கிறார்கள்! மயிலையின் சபா ஒன்றில் பின்வரிசையில் உட்கார்ந்து, ஆடுபவரின் முகத்தைப் பாராமல் கையை மட்டும் ஒருமணி நேரம் பார்த்திருந்து, வீட்டுக்கு வந்து வரைந்து பார்க்கட்டும் நம் மாணவன். அனிமேஷன் நூல்கள் பலவற்றில் கிடைக்காத பாடம் அது. தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரிலமைந்த அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் இக்கலைக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது, உண்மைதான். ஆனால் வரலாறும் பொருளியலும் படிக்கும் நம்மைப் போன்றவர்க்கு இப்படித்தான் வழி தேட வேண்டியிருக்கிறது.

இப்போது கணினியிடம் பழைய பக்கம் ஒன்றைக் கொடுத்து "அசைத்துக் காட்டு" என்றால் சில நிமிடங்களில் அசைத்துக் காட்டிவிடுகிறது. நண்பர்கள் சிலர் அதையே ரசிகர் படைப்பு என்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. படம் நன்றாக அமையலாம், அதைப் பற்றியல்ல பேச்சு. மாயாவியின் தோள் எங்கே இருக்கிறது என்று அந்த நண்பரைக் கேட்டால் தெரியாது. எழுநூற்றிருபது முறை வரைந்தவனுக்குத் தெரியும்.

"எல்லாம் சரி, நகல்தானே?" என்பார்கள். ஆம், நகல்தான். சிற்பியின் சீடன் குருவின் உருவத்தைத்தானே முதலில் கொத்துகிறான்? ஆனால் சீடனுக்கு எல்லை தெரிய வேண்டும். நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கற்பித்தலின் பொருட்டு ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பதை மீறலாகக் கொள்வதில்லை. வகுப்பறைக்கு வெளியே அப்படத்தைப் பரப்புவதும் காசு பார்ப்பதும் வேறு. மாயாவி ஊர் பேர் தெரியாத அநாதையல்லர். அந்தப் பழைய ஆங்கிலக் கதைகளின் உரிமை 2018 முதல் ரெபெல்லியன் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்திடம் இருக்கிறது. உரிமை கிடைக்காவிட்டால் குடி முழுகிவிடாது. ஜார்ஜ் லூக்காஸ் என்ற இளைஞர் பிளாஷ் கார்டனைப் படமாக்க அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. தாமே ஒரு கதை கட்டினார். 1977இல் அது 'ஸ்டார் வார்ஸ்' ஆக வந்தது.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப்படுவது வேறொன்று. மாயாவியைத் தலைகீழாக ஒப்பிக்கும் ரசிகர் பலரிடம், "வரைந்தவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அக்காலத்து ஆங்கிலச் சித்திர இதழ்கள் ஓவியர் பெயரை அச்சிடாததே வழக்கமாக இருந்தது. வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, ஸ்பெயின் நாட்டவர், பார்சிலோனாக்காரர், 1995இல் மறைந்தார். கதையைத் தொடங்கி எழுதியவர் கென் பல்மர். பத்திரிகைக்காரர்கள் மறைத்துவிட்ட பெயரை ரசிகனும் மறைப்பானேயாகில், அவனைத் திருடன் என்போருக்கு என்னால் பதில் சொல்ல இயலாது.

நம் பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். கலை விழாவில் ஓவியப் போட்டி இருக்கிறது, கோலப் போட்டி இருக்கிறது. ரசிகர் வரைந்த ஒரு நிமிடப் படத்துக்கும் ஓர் இடம் தாருங்கள். செலவு அதிகமில்லை. கண்ணாடிப் பலகை ஒன்று, அதன் அடியில் ஒரு விளக்கு, வெள்ளைத்தாள் இரண்டு ரீம், படமெடுக்கக் கைப்பேசி, இவை போதும். கதைக்கும் அலைய வேண்டியதில்லை. ஜனவரியில் புத்தகக் காட்சி கூடும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் நம் கல்லூரியிலிருந்து நடந்து போகும் தூரம். சிவகாசிக்காரர்களின் காமிக்ஸ் அங்கே கிடைக்கும். ஒரே ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். போட்டிக்கு ஒரே ஒரு விதி வைக்கலாம்: படத்தின் முதல் பத்து விநாடி பிளாஸ்கோவின் பெயருக்கு, வரைந்த மாணவனின் பெயர் அதற்குப் பிறகு.