தங்க மீனுக்கு மலை ஒத்துக்கொள்ளும்; குடுவைதான் ஆகாது

தங்க மீன் என்று பெயர். குன்றிமணி அளவு தங்கம்கூட அதன் உடம்பில் கிடையாது. அது கெண்டை இனத்தைச் சேர்ந்த மீன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சீன நாட்டுக் குளங்களில், மங்கிய நிறக் கெண்டைகளுக்கு நடுவே எப்போதாவது ஒன்று மஞ்சளும் சிவப்புமாகப் பிறக்கும். அதைப் பிடித்துத் தனியாக வளர்த்தார்கள். சோங் வமிச அரசர்கள் காலத்தில் (கி.பி. 960–1279) அது அரண்மனைக் குளத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஜப்பான், பிறகு ஐரோப்பா. இன்று சென்னைக் கொளத்தூர் அலங்கார மீன்களுக்குப் பேர்போன இடம். அரண்மனை மீன் நம் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்த கதை இதுதான்.

வெலிங்டனில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. தங்க மீன் குளிர்ந்த தண்ணீரில் வாழும் மீன். அதற்கு 18 முதல் 22 டிகிரி வரை உஷ்ணம் இருந்தால் சுகமாக இருக்கும். சென்னைக் கோடையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பசிக்கிறது என்று நினைத்துக் குழந்தைகள் இன்னும் கொஞ்சம் தீனி போடுவார்கள். உண்மையில் அதற்கு மூச்சு முட்டுகிறது. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகவே கரையும்.

“மலையில் காற்றே லேசாயிற்றே, அங்கே மட்டும் பிராணவாயு எப்படி இருக்கும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெலிங்டன் ஏறத்தாழ 6,000 அடி உயரம். காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அப்படியும், 15 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் இங்கே லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் கரைந்திருக்கும். சென்னையில் 30 டிகிரித் தண்ணீரில் சுமார் ஏழரைதான். குளிரில் மீனுக்குத் தேவையும் குறைவு. ஆகவே மலைக்கே லாபம்.

டிசம்பர், ஜனவரி இரவுகளை மட்டும் கவனிக்க வேண்டும். தண்ணீர் 10 டிகிரிக்கு அருகில் போனால் மீன் தீனியைத் தொடாது; அப்போது போடவும் கூடாது. ஜன்னலோரம் தொட்டியை வைக்காதீர்கள். கணப்பு அடுப்பின் பக்கத்திலும் வைக்காதீர்கள். குளிரைவிட, பகலில் சூடும் இரவில் குளிருமாக மாறுவதே அதற்கு விரோதி.

இத்தனை சாதகம் இருந்தும் பல வீடுகளில் மீன் ஒரு மாதம் தாண்டுவதில்லை. காரணம் அந்த உருண்டைக் குடுவை. நமது கருத்தை ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறோம்: குடுவையில் தங்க மீன் வளர்ப்பதை விட்டுவிட வேண்டும். அதில் ஐந்து லிட்டர் தண்ணீர் இருந்தால் அதிகம். இத்தாலியின் ரோம் நகரசபை 2005-ஆம் ஆண்டிலேயே உருண்டைக் குடுவையைத் தடை செய்துவிட்டது. மூன்று அடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 127 லிட்டர் பிடிக்கும். அதில் இரண்டு மீன் சவுகரியமாக இருக்கும். ஆசைக்கு மூன்று. தண்ணீர் மட்டுமே 127 கிலோ எடை என்பதால் ஆட்டம் காணும் மேசை உதவாது.

தொட்டி வாங்கிய அன்றே மீன் வாங்குவது அடுத்த தப்பு. மீனின் கழிவிலிருந்து அமோனியா என்ற விஷம் உண்டாகிறது. அதைத் தின்று தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் நல்ல கிருமிகள் உண்டு. வடிகட்டிப் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் அவை குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். குளிரில் இன்னும் தாமதம். ஏப்ரல், மே மாதத்தில் தொடங்கினால் நல்லது. பலர் ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் காலி செய்து, கல், பஞ்சு எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்க்கிறார்கள். சுத்தம்தான், ஆனால் நல்ல கிருமிகளும் சாக்கடைக்குப் போய்விடுகின்றன. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். பஞ்சை, எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் கடையில் ‘ஆன்டி குளோரின்’ கிடைக்கும். பழைய புகைப்பட ஸ்டூடியோக்களில் ‘ஹைப்போ’ என்று வைத்திருந்தார்களே, பெரும்பாலும் அதே சரக்குதான்.

தீனி விஷயத்தில் அம்மாக்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். தங்க மீனுக்கு இரைப்பை கிடையாது. போட்டதையெல்லாம் தின்னும், உடனே கழியும். இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு இரண்டு வேளை. ஒரண்டா, ரியூகின், பிளாக் மூர் போன்ற குண்டு உடம்புக்காரர்களுக்கு உருண்டைத் தீனியைச் சற்று ஊறவைத்துப் போடுவது நல்லது. அழகுக்காக மனிதன் அவற்றின் உடம்பைக் குறுக்கிவிட்டான். உள்ளே காற்றுப் பைக்கு இடம் போதவில்லை; அதனால் சில சமயம் தலைகீழாக மிதக்கும். வேகவைத்துத் தோல் நீக்கிய பச்சைப் பட்டாணி கொஞ்சம் கொடுத்தால் பல சமயம் குணம் தெரியும். தலையில் தொப்பியும் பிதுங்கிய கண்ணும் அழகா என்பது அவரவர் ரசனை. நமக்கு ஒற்றை வாலுடன் விர்ரென்று நீந்தும் சாதாரண ஜாதியே பிடிக்கிறது. அதற்கு நீந்த இன்னும் பெரிய தொட்டி வேண்டும், அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம் செய்தால் மீன் எத்தனை நாள் இருக்கும்? நாள் கணக்கில் கேட்கக் கூடாது. பத்து, பதினைந்து ஆண்டு சாதாரணம். இங்கிலாந்தில் 1956-இல் ஒரு திருவிழாக் கடையில் பரிசாகக் கிடைத்த ‘டிஷ்’ என்ற தங்க மீன் 1999 வரை, அதாவது 43 ஆண்டு, உயிரோடு இருந்தது.

வெலிங்டனுக்கு இதில்தான் ஒரு சிக்கல். இது ராணுவ ஊர். முப்படை அதிகாரிகள் பயிற்சி பெறும் கல்லூரி இருக்கிறது. அந்தப் படிப்பு ஒரு வருஷத்துக்கும் குறைவு. மதராஸ் ரெஜிமெண்ட் மையத்திலும் மாற்றல் உத்தரவு வந்தபடியே இருக்கும். குழந்தை ஆசைப்பட்டு வாங்கிய மீன், பெட்டி கட்டும்போது பாரமாகிவிடுகிறது. அப்போது, “பாவம், ஓடையில் விட்டுவிடலாம், பிழைத்துப் போகட்டும்” என்று தோன்றும். இரக்கத்தில் வரும் எண்ணம்தான். ஆனால் அது கூடவே கூடாது.

இந்த மலை வெளிநாட்டு மீன்களை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1870-களில் வெள்ளைக்காரர்கள் தங்க மீனின் நெருங்கிய உறவான தங்கக் கெண்டையை இங்கிலாந்திலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவந்தார்கள். 1939-இல் இலங்கையிலிருந்து சாதாக் கெண்டை வந்தது. அவை தெரிந்தே விட்டவை. நாம் விடுவது தெரியாமல் விடுவது. திறந்த தண்ணீரில் தங்க மீன் ஒரு அடிகூட வளரும். சேற்றைக் கிளறும், செடியைப் பிடுங்கும், மற்ற மீன்களின் முட்டையைத் தின்னும். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்துப் பர்ன்ஸ்வில் நகரம் 2021-இல், “தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள்” என்று பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. அங்கே பிடிபட்டவை கால்பந்து பருமன்.

பக்கத்து வீட்டில் கொடுங்கள். பள்ளிக்கூடத் தொட்டிக்குக் கேட்டுப் பாருங்கள். விற்ற கடைக்காரரே சில சமயம் வாங்கிக்கொள்வார். யாரும் இல்லையென்றால் கூடவே எடுத்துப் போகலாம். பயணத்துக்கு முந்தின நாள் தீனி போடாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. ஒரு பைக்கு ஒரு மீன். மேட்டுப்பாளையம் இறங்கும்போது சுமார் 5,000 அடி கீழே வந்திருப்பீர்கள். வெயில் சுள்ளென்று அடிக்கும். ஆகவே தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள். புது ஊரில் பையைப் பிரிக்காமல் அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புதுத் தண்ணீரைச் சேருங்கள். அன்று இரவு விளக்கை அணைத்துவிடுங்கள். குழந்தைகள் மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளட்டும்.