பொன்னியின் செல்வனும் பழுவூரார் வழக்கும்

அரியலூரிலிருந்து தஞ்சைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் வழியில் கீழப்பழுவூரைக் கடந்தே போகவேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதிக்கு நடுவே கண்டக்டர் அந்த ஊரின் பெயரைச் சொல்லும்போது, காலஞ்சென்ற கல்கியின் "பொன்னியின் செல்வன்" நாவலைப் படித்தவர் எவரும் ஜன்னல் வழியே ஒருமுறை எட்டிப் பாராதிருக்க முடியாது. கோட்டையுமில்லை, பல்லக்குமில்லை, ஒரு சிற்றூர்தான் கண்ணில் படுகிறது. ஆயினும் அறுபத்துநான்கு விழுப்புண் தாங்கிய பெரிய பழுவேட்டரையரின் ஊர் இதுவென்ற எண்ணம் வந்ததும் மனம் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருகிறது. கல்கி அந்நாவலை எழுதிய காலத்தில் அரியலூரும் பெரம்பலூரும் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தவை. பின்னர் பெரம்பலூர் தனி ஜில்லாவாயிற்று. 2007-ல் அரியலூரும் பிரிந்தது. ஜில்லாக்கள் பிரிந்தாலும் இவ்விரண்டு சீமையாரும் அந்தக் கதையைத் தங்கள் வீட்டுக் கதையாகவே பாவித்து வருகிறார்கள்.

ஆகையால் ஸ்ரீ மணிரத்னம் அதனைப் படமாக எடுத்து, 2022 செப்டம்பர் 30-ல் முதற் பாகத்தையும் 2023 ஏப்ரல் 28-ல் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டபோது, இப்பக்கத்து ஜனங்கள் கலியாண வீட்டுக்குப் போகிறவர்களைப் போலப் போய்ப் பார்த்தார்கள். படம் நன்றாக ஓடியது, அதைப்பற்றி விவாதமில்லை. ஆனால் நாவலை நெஞ்சில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனவர்களில் அநேகர் இரண்டாம் பாகம் முடிந்து வெளியே வந்தபோது, பந்தியில் தம் இலைக்கு மட்டும் பாயசம் வராமற் போனவர்களின் முகத்தோடு வந்தார்கள். "கதையை மாற்றிவிட்டார்கள்" என்ற குறை அன்று தொடங்கியது; இன்றும் ஆறவில்லை. "நாவல் வேறு, படம் வேறு" என்று சினிமாவை ஆதரிப்போர் பதில் சொல்லுகிறார்கள். இரண்டும் சுலபமான பேச்சுக்கள். விஷயம் இவற்றைக் காட்டிலும் சற்று ஆழமானதென்பது நமது அபிப்பிராயம்.

குறை கூறுவோரின் மனநிலையை முதலில் கவனிப்போம். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரையில் மூன்றரை வருஷத்துக்கு மேல் வாராவாரம் வந்த கதை அது. வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். பத்திரிகையிலிருந்து தாள்களைக் கத்தரித்துப் பைண்டு செய்து, பெண்ணுக்குச் சீர் கொடுக்கிறாற் போல அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். ஓவியர் மணியம் எழுதிய முகங்களே குந்தவையின் முகமும் வந்தியத்தேவனின் முகமுமாகிவிட்டன. இவ்வளவு காலம் மனத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த ஒரு படத்துக்கு எதிரே எந்தப் படத்தை ஓட்டினாலும் தோல்விதான். "எங்கள் நந்தினி இவளல்ல" என்று வழக்குப் போட எந்தக் கோர்ட்டிலும் இடமில்லை. ஏனெனில் அந்த "எங்கள்" என்பதற்குள்ளேயே லக்ஷம் நந்தினிகள் இருக்கிறார்கள். இந்த ஏமாற்றத்தை நாம் தள்ளிவிடலாம்.

சுருக்கியதைப் பற்றிய குறையும் அப்படியே. ஐந்து பாகம், இரண்டாயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நூலை ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் அடக்க வேண்டுமானால் யாரையாவது வாசலில் நிறுத்தத்தான் வேண்டும். கந்தமாறனின் தங்கை மணிமேகலை அப்படி வாசலில் நின்றுவிட்டாள். படத்தில் அவள் இல்லவே இல்லை. வந்தியத்தேவன்மேல் அவள் வைத்த பலனில்லாத அன்பு நாவலின் கடைசிப் பக்கங்களில் வாசகரை என்ன பாடு படுத்துகிறதென்பதை அறிந்தவர்கள் வருந்துவது நியாயமே. எனினும் அவளை எடுத்துவிட்டாலும் கதையின் வீடு இடிந்து விழுவதில்லை. மேல் நாட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. டோல்கீன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் எழுதிய "மோதிரங்களின் தலைவன்" என்ற பெருங்கதையை 2001 முதல் 2003 வரை மூன்று படங்களாக எடுத்த பீட்டர் ஜாக்ஸன், டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை அடியோடு விட்டுவிட்டார். அந்த நூலின் பக்தர்கள் அதற்காக இன்றளவும் அவரிடம் சண்டை போடுகிறார்கள். ஆனால் அதே மனிதர் பின்னால் டோல்கீனின் சின்னஞ்சிறு புஸ்தகம் ஒன்றை மூன்று படங்களாக இழுத்தபோதுதான், சுருக்குவதைவிடப் பெருக்குவது கொடியதென்பதை அவர்கள் கண்டார்கள். நமக்கு அந்த ஆபத்து நேரவில்லை.

கல்கி சினிமாவைத் தீண்டாதவரென்றும் யாரும் எண்ண வேண்டாம். 1939-ல் ஸ்ரீ கே. சுப்ரமணியம் எடுத்த "தியாக பூமி"யின் கதை அவருடையதே. படம் ஒரு பக்கம் தயாராகிக்கொண்டிருக்க, மறுபக்கம் "ஆனந்த விகட"னில் படத்தின் புகைப்படங்களோடு கதை தொடராக வந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் பயந்து அந்தப் படத்துக்குத் தடை விதித்தது. எழுத்தும் திரையும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளாகப் போகக்கூடுமென்பதை முதலில் நடத்திக் காட்டியவர்களில் அவரும் ஒருவர்.

இனி, பழுவூரார் வழக்குக்கு வருவோம். கதையை மாற்றியது குற்றமென்றால், முதற் பிரதிவாதி ஸ்ரீ மணிரத்னம் அல்ல, கல்கியேதான்.

பழுவேட்டரையர்கள் சரித்திரத்தில் இருந்தவர்கள். சுந்தர சோழர் காலத்து அன்பில் செப்பேடு, முதற் பராந்தகன் பழுவேட்டரையர் குலத்துப் பெண்ணை மணந்ததையும், அவள் வயிற்றில் அரிஞ்சயன் பிறந்ததையும் சொல்லுகிறது. அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன். அவன் மக்கள் ஆதித்த கரிகாலனும் அருள்மொழியும். ஆகவே இராஜராஜனுக்குக் கொள்ளுப்பாட்டி முறையாகிறவள் இந்தப் பழுவூர்ப் பெண். கீழையூரிலுள்ள அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம் என்ற இரட்டைக் கோயில் இவ்வம்சத்தாரின் பெருமையைக் கல்லில் சொல்லிக்கொண்டு இன்றும் நிற்கிறது. கண்டன் மறவன் என்னும் பழுவேட்டரையர் உத்தம சோழன் காலத்திலும், பிறகு இராஜராஜன் காலத்திலுங்கூடச் சிற்றரசராக இருந்தவர். இராஜத் துரோகிகளின் குலத்தை இராஜராஜன் அவ்வாறு விட்டுவைத்திருப்பானா? கரிகாலனைக் கொன்றவர்கள் யாரென்பதை உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சொல்லியே கூறுகிறது: சோமன், இரவிதாஸன், பரமேசுவரன் முதலான சகோதரர்கள். இராஜராஜனது இரண்டாம் ஆட்சியாண்டில் அவர்களுடைய சொத்தையும் உறவினருடைய சொத்தையும் பறிமுதல் செய்த வரலாறு அதில் இருக்கிறது. அந்தக் கல்லில் பழுவூரார் பெயர் எங்கும் இல்லை.

இப்படியிருக்க, நள்ளிரவில் கடம்பூர் மாளிகையில் சதியாலோசனை நடத்துகிறவராகவும், முதிய வயதில் நந்தினி என்னும் மோகினியின் வலையில் விழுந்தவராகவும் பெரிய பழுவேட்டரையரை எழுதிவிட்டார் கல்கி. நந்தினியோ முழுக்க அவருடைய கற்பனை. பழுவூரார் சார்பில் ஒரு வக்கீல் எழுந்து மானநஷ்ட வழக்குத் தொடுத்தால் கல்கி என்ன சொல்லியிருப்பார்? நாவலையே சாக்ஷியாகக் காட்டியிருப்பார் என்று நினைக்கிறோம். ஏனெனில், கடன் வாங்கிய பெயருக்கு அவர் வட்டியோடு திருப்பிக் கொடுத்திருக்கிறார். கதை முடியுமுன்னே அந்தக் கிழச் சிங்கம் தன் பிழையை உணர்ந்து, சபை நடுவே கொலைப் பழியைத் தானே ஏற்று, உயிரைத் துறக்கும்போது, வந்தியத்தேவனைக் காட்டிலும் உயர்ந்து நிற்கிறது. இன்று பழுவூரென்ற பெயரைத் தமிழ்நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் அறிந்திருக்கிறானென்றால் அது செப்பேட்டினாலன்று, அந்தக் "களங்க"த்தினால்தான். மாற்றியவர் தாம் எடுத்துக்கொண்டதற்குமேல் கொடுத்தார்.

இந்தத் தராசிலேயே படத்தையும் நிறுத்துப் பார்ப்பதுதான் முறை. மாற்றினாரா என்பதல்ல கேள்வி. மாற்றி எதைக் கொடுத்தார் என்பதே.

ஓரிடத்தில் கொடுத்திருக்கிறார். கரிகாலனைக் கொன்றது யார் என்ற முடிச்சை நாவல் கடைசிவரை அவிழ்ப்பதில்லை. வாசகர்கள் எழுபது வருஷமாக அதைப்பற்றித் திண்ணையில் தர்க்கம் செய்து வருகிறார்கள். படத்திலோ கரிகாலன் நந்தினியின் முன்னே வந்து நின்று, அவள் கையிலுள்ள கத்திக்குத் தானே இணங்கிச் சாகிறான். வாலிப வயதில் முறிந்த ஒரு காதலின் கணக்கு அந்த அறையில் தீருகிறது. தர்க்கத்துக்கு இடமில்லாமற் செய்துவிட்டாரே என்று சிலர் வருந்துகிறார்கள். நமக்கு அந்தக் காட்சி நெஞ்சைத் தொட்டது. கல்கி பல நூறு பக்கங்களில் சொன்னதைத் திரை தன் பாஷையில் சில நிமிஷத்தில் சொல்லிற்று. இதனைத் திருட்டென்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் சேந்தன் அமுதன் விஷயம் அப்படியன்று. இங்கேதான் ஜனங்களின் மனக்குறை முழு நியாயமுடையதென்று நாம் கருதுகிறோம்.

நாவலில் அவன் யார்? தஞ்சைத் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூத்தொடுத்துக் கொடுக்கும் பிள்ளை. ஊமைத் தாயால் வளர்க்கப்பட்டவன். தேவாரம் பாடுவதையும் பூங்குழலியை நினைத்துக்கொண்டிருப்பதையும் தவிர வேறு தொழில் அறியாதவன். பார்க்கப்போனால் செம்பியன் மாதேவியின் வயிற்றிற் பிறந்த உண்மை மதுராந்தகன் அவனே. அரண்மனையில் இளவரசனாக வளர்ந்து, பட்டத்துக்கு ஆசைப்பட்டுச் சதிகாரர்களோடு கூடியவன் வேறொருத்தியின் மகன். கடைசியில் தஞ்சையில் முடிசூட்டு விழா நடக்கிறது. ஜனங்கள் அருள்மொழியின் பெயரைக் கோஷிக்கிறார்கள். அவன் கிரீடத்தைக் கையிலெடுத்துப் பூக்கூடை சுமந்த இந்தப் பையனின் தலையிலே வைக்கிறான். ஐந்தாம் பாகத்துக்குத் "தியாக சிகரம்" என்று பெயரிட்டதற்குப் பொருள் இந்த ஒரு கணம். கொடுப்பவனுக்கு அது வேண்டாம், வாங்குகிறவனுக்கும் வேண்டாம். சோழ சாம்ராஜ்யத்துக் கிரீடம் இரண்டு பேரும் விரும்பாத பாரமாக ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போகிறது. ராஜகுமாரனை மணந்து ராணியாக வேண்டுமென்று கனவு கண்ட ஓடக்காரப் பெண் பூங்குழலி, தான் உதறித் தள்ளிய பூக்காரனாலேயே ராணியாகிறாள். இதைப் படித்துவிட்டுச் சிரித்தவர்களும் உண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் உண்டு.

படத்தில் சேந்தன் அமுதன் தலையைக் காட்டிவிட்டுப் போகிறான். பிள்ளை மாறிய கதையே இல்லை. பட்டத்துக்கு ஆசைப்பட்ட மதுராந்தகனுக்கே அருள்மொழி கிரீடத்தைச் சூட்டுகிறான். இதிலும் பெருந்தன்மை இருக்கிறதென்பதை மறுக்கவில்லை. ஆயினும் வாசலில் நின்று பாகம் கேட்கிறவனுக்குப் பாகத்தைக் கொடுப்பது வேறு. கேளாதவனைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது வேறு. முன்னது நல்ல பஞ்சாயத்து. பின்னதைத்தான் கல்கி சிகரமென்றார்.

இதற்குப் பட முதலாளிகளின் பக்ஷத்திலிருந்து ஒரு பதில் வரக்கூடும். அது வலுவான பதிலும்கூட. பிள்ளை மாறிய கதை கல்கியின் கட்டுக்கதையே. சரித்திரத்தில் உத்தம சோழன் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகன்தான். சிற்றப்பன் இராஜ்யத்தை விரும்புமளவும் தான் அதனை மனத்தாலும் விரும்புவதில்லையென்று அருள்மொழி விலகிநின்றதைத் திருவாலங்காட்டுச் செப்பேடும் சொல்லுகிறது. ஆகையால் படம் கல்கியிடமிருந்து விலகிச் சரித்திரத்துக்குத் திரும்பியிருக்கிறது என்று வாதிக்கலாம். வாதம் நன்றாயிருக்கிறது, ஆனால் நந்தினியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வாதம் செய்யலாமா? எந்தச் செப்பேட்டில் நந்தினி இருக்கிறாள்? ஊமை ராணி எந்தக் கல்வெட்டில் வருகிறாள்? அழகும் சூழ்ச்சியும் வேண்டிய இடத்தில் கல்கியின் கற்பனையைக் கைகொள்ளுவதும், பூக்கூடை வருகிற இடத்தில் மட்டும் சரித்திரத்தின் பின்னால் போய் நின்றுகொள்வதும் நேர்மையான தராசாகாது. மணிமேகலையை விட்டதற்கு நேரமில்லையென்ற சமாதானத்தை ஏற்றோம். போர்க்களக் காட்சிகளை ஆரம்பத்திலும் முடிவிலும் சேர்ப்பதற்கு நேரம் இருந்த படத்தில், அமுதனுக்கு இருபது நிமிஷம் கிடைக்கவில்லை என்பதை எப்படி ஏற்பது?

நாவலைப் படித்தவர்களுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை; புஸ்தகம் அலமாரியில் இருக்கிறது. பெரம்பலூரிலோ ஜயங்கொண்டத்திலோ படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பற்றியே நமக்குக் கவலை. அவனுக்குச் சோழர் கதை கத்தியும் குதிரையும் கண்ணீருமாக நன்றாகவே தெரிந்திருக்கும். பூத்தொடுக்கிற ஒருவன் சோழ சிம்மாசனத்தில் ஏறக்கூடுமென்று ஒரு தமிழ்க் கதை சொல்லத் துணிந்ததை மட்டும் அவன் அறியமாட்டான்.

பரிகாரம் இல்லாமலில்லை. கல்கி 1954 டிசம்பரில் காலமானார். நமது நாட்டுச் சட்டப்படி நூலாசிரியர் மறைந்து அறுபது ஆண்டு வரையில்தான் பதிப்புரிமை. அது 2014-ஆம் வருஷத்தோடு தீர்ந்தது. அதற்கு முன்பே சர்க்கார் அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியும் விட்டது. ஸ்ரீ மணிரத்னம் எடுத்துவிட்டதால் வேறெவரும் எடுக்கலாகாதென்ற தடை எதுவுமில்லை. வீட்டிலிருந்தபடியே நாற்பது ஐம்பது பாகமாகத் தொடர்கதை பார்க்கும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. வாராவாரம் வந்த கதைக்கு அதுவே பொருத்தமான கொட்டகை. அதற்குத் துணிகிற முதலாளி யாராயினும் நாம் கேட்டுக்கொள்ளுவது ஒன்றுதான். நந்தினியாக யார் நடிப்பதென்ற யோசனையைப் பின்னால் வைத்துக்கொள்ளட்டும். முதலில் சேந்தன் அமுதனுக்கு நல்ல நடிகர் ஒருவரைத் தேடிப் பிடிக்கட்டும்.